எந்தப் பக்கம் அடக்குவீங்க?

முதுநிலை நீட். 200 கேள்வி. மூன்றரை மணி நேரம். கேள்விக்கு 63 வினாடி. சரியென்றால் 4, தவறென்றால் 1 போகும்.

சர்ஜரியில் புற்றுநோய்ப் பகுதி பாக்கி. வாயிலிருந்து தொடங்குகிறேன். மூணாறில் உட்கார்ந்து படிக்கிறவன் வேறெங்கிருந்து தொடங்குவது.

படிப்பு இங்கிலீஷ். சம்மதப் படிவம் மலையாளம். ஓபி வரிசையில் பேச்சு தமிழ்.

படிவத்தில் கைநாட்டு வைக்கும் முன் ஒரு பாட்டி கேட்டார். "என்ன எழுதியிருக்கு தம்பி?" வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ரத்தப்போக்கு, மயக்க மருந்து, தழும்பு, மறுபடி வரலாம் என்பது வரை. முழுசும் கேட்டார். "சரி, வாயை எம்புட்டுத் திறக்கணும்?"

காங்ரி புற்று. காஷ்மீர். குளிருக்கு அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் கரிச்சட்டி. வயிற்றுத் தோலில் வரும், தொடையில் வரும்.

சுட்டா புற்று. விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் கரையோரம். எரிகிற முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் பெண்கள். மேல் அண்ணத்தில் வரும்.

வேட்டிப் புற்று. இடுப்பில் இறுக்கிக் கட்டுகிற இடம்.

பொருத்துக என்று கேட்பதற்குத் தோதான பட்டியல். எல்லாமே ஏழைகளின் உடம்பு.

ஜனவரியில் இங்கே புல் வெள்ளையாக உறைகிறது. பெரட்டுக்களத்துக்கு, கொழுந்து கிள்ளுகிறவர்கள் ஆஜர் கொடுக்கும் இடத்துக்கு, அந்தக் குளிரிலேயே போக வேண்டும்.

குளிருக்கு வெத்தலை போடுகிறோம் என்கிறார்கள். பசிக்குப் போடுகிறோம் என்றும் சொல்கிறார்கள். பல்வலிக்கு என்று ஆரம்பித்தவர்களும் உண்டு.

மழைக்காலத்தில் கொழுந்துக் காட்டில் அட்டை. கணுக்காலில் புகையிலைத் தூளும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொண்டு இறங்குவார்கள். கடித்த அட்டை சுருண்டு விழும்.

வாயில் போவதும் அந்தப் புகையிலைதான். அந்தச் சுண்ணாம்புதான்.

பெர்சிவால் பாட், 1775, லண்டன். புகைபோக்கி துடைக்கும் பையன்களுக்கு விதைப்பையில் புற்று. கரித்தூள் காரணம். தொழிலால் வரும் புற்று என்று முதலில் எழுதியவர். அடிக்கடி வரும் கேள்வி. விடையில் அவர் பெயர் இருக்கும். பையன்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

புகையிலை சேர்த்த வெற்றிலைத் தாம்பூலம் புற்று உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சொன்னது 1985இல். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கே போதும் என்று சொன்னது 2004இல்.

"நான் போயிலை சேக்கறதில்ல தம்பி, பாக்கு மட்டுந்தான்." இப்படிச் சொல்கிறவர்களின் வாயையும் பார்க்க வேண்டும்.

பாக்கில் செம்பு அதிகம். அந்தச் செம்பு ஒரு நொதியைத் தூண்டுகிறது. லைசில் ஆக்ஸிடேஸ். கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் நாராக இறுகுகிறது. வாய் திறப்பது வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. 1952இல் ஷ்வார்ட்ஸ் இதைப் பற்றி எழுதினார். அவர் பார்த்தது ஐந்து பேரை. ஐவரும் கென்யாவில் இருந்த இந்தியப் பெண்கள்.

அளவு: நோயாளியின் சொந்த விரல்கள். மூன்று விரலை நெட்டாக நிறுத்தி வாய்க்குள் வைக்கச் சொல்ல வேண்டும். போனால் சரி. சிலருக்கு இரண்டு. ஒன்று மட்டும் போகிறவர் மசித்த சோறுதான் சாப்பிடுவார். அதை அவராகச் சொல்ல மாட்டார். கேட்டால்தான் வரும்.

"எந்தப் பக்கம் அடக்குவீங்க பாட்டி?"

"இடது. வலப்பக்கம் பல்லு இல்லையே."

"தூங்கும்போதும் இருக்குமா?"

"அது இருந்தாத்தான் தூக்கம்."

சுருக்குப்பையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். காய்ந்த வெற்றிலை நான்கு. சீவல் கொஞ்சம். சுண்ணாம்பு டப்பியின் மூடியில் விரல் தேய்ந்த பள்ளம். புகையிலை தனியாக, பிளாஸ்டிக் தாளில் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு. எல்லாவற்றையும்விட பத்திரமாக இருந்தது அதுதான்.

டார்ச். கீழ்த்தாடை ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள பள்ளம், இடப்பக்கம். பற்கள் செம்மண் நிறம். பள்ளத்துக்குள் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. பின்னால் இரண்டாம் கடைவாய்ப்பல் பக்கத்தில் ஒரு புண். கையுறை விரலால் ஓரத்தைத் தொட்டேன். ஓரம் தடித்து, தூக்கி, கெட்டியாக. வலி இல்லை என்றார். வலி இல்லாததால்தான் இத்தனை மாசம்.

வலி இல்லாத புண்ணுக்கு ஒருநாள் கூலியை யார் விடுவார்கள்.

கன்னமும் ஈறும் சேர்ந்த இந்தப் பள்ளத்துப் புற்றைச் சில சர்ஜரி புத்தகங்கள் இந்திய வாய்ப்புற்று என்றே குறிக்கின்றன. மேல்நாட்டில் நாக்கும் வாயின் தரையும். இங்கே கன்னம். அடக்குகிற இடத்தில் வருகிறது.

புற்றின் நிலையைப் பிரிக்கும் அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் கையேடு, எட்டாம் பதிப்பு. 2018 முதல் நடைமுறை. வாய்ப்புற்றுக்கு அகலம் மட்டும் போதாது, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதும் சேர்ந்தது. 5 மில்லிமீட்டர் ஒரு படி. 10 மில்லிமீட்டர் அடுத்த படி. அகலம் 2 சென்டிமீட்டர், ஆழம் 4 மில்லிமீட்டர் என்றால் முதல் நிலை. அதே அகலம், ஆழம் 6 என்றால் இரண்டு.

அந்த 2 மில்லிமீட்டர் ஆழம் எத்தனை மாதக் கணக்கு என்று எந்தப் பதிப்பிலும் இல்லை.

டாடா மெமோரியல், மும்பை. 1941இல் திறந்தது. அங்கே நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது, டிக்ரூஸ் குழு. ஆரம்ப நிலை வாய்ப்புற்று. கழுத்தில் நெறிக்கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. இருந்தாலும் கழுத்தையும் சேர்த்தே அறுக்கலாமா, இல்லை கட்டி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா? சேர்த்தே அறுத்தவர்களில் மூன்றாம் வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். காத்திருந்தவர்களில் 67.5.

தேர்வுக்கு: முதலிலேயே கழுத்து அறுவை. ஒரு வரி. உலகம் பூராவும் வாதாடிய கேள்விக்கு விடை நம் ஊர் நோயாளிகளிடமிருந்து வந்தது. இதைப் படிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கழுத்து அறுவை. கிரைல், 1906. பழைய முறையில் போகிறவை: கீழ்த்தாடையிலிருந்து காறை எலும்பு வரை உள்ள நெறிக்கட்டிகள், ஒரு பெரிய தசை, உட்கழுத்துச் சிரை, பதினோராம் நரம்பு. புது முறையில் முதலில் காப்பாற்றுவது அந்த நரம்பை.

பதினோராம் நரம்பு போனால் தோள் தொங்கும். கையைப் பக்கவாட்டில் தோளுக்கு மேலே தூக்க முடியாது. புத்தகம் சொல்லும் உதாரணம், தலை சீவ முடியாது.

இங்கே கொழுந்துச் சாக்கைத் தூக்கித் தலையில் வைக்க வேண்டும்.

கன்னத்தை அறுத்த பிறகு ஓட்டையை மூட மார்புத் தசையோடு தோல். அரியன், 1979. மெல்லிய தோல் வேண்டுமென்றால் முன்கையிலிருந்து. ஆலன் சோதனை செய்து பார்த்துவிட்டு, அதிகம் புழங்காத கையிலிருந்து எடுக்கச் சொல்கிறது புத்தகம்.

கொழுந்து கிள்ளுவது இரண்டு கையாலும். கத்திரி வந்த பிறகும் இரண்டு கைதான்.

அறுவைக்குப் பிறகு ரேடியேஷன். ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். நாளுக்கு 2 கிரே. வாரத்துக்கு 5 நாள். 30 தடவை. 60 கிரே.

அதற்குப் போக வேண்டிய கோட்டயம் சுமார் 140 கிலோமீட்டர். திருவனந்தபுரம் சுமார் 280. கிழக்கே போடிமெட்டு இறங்கினால் தேனி, அதைத் தாண்டினால் மதுரை.

2015 செப்டம்பர். கூலி உயர்வு கேட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்த தோட்டப் பெண்கள். பெம்பிளை ஒருமை. அப்போது நாள் கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பிறகு 301.

30 தடவை. வாரத்துக்கு 5 நாள்.

தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951. எஸ்டேட்டில் மருத்துவ வசதி முதலாளியின் கடமை என்றது. சட்டம் எழுதிய வருஷத்தில் அது காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் சரியாக இருந்திருக்கும்.

ஐயான் ஆர், லான்செட், 1933. திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றிய கட்டுரை. எழுதியவர் வேலை பார்த்த இடம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அன்றைக்குத் திருவிதாங்கூர். தேவிகுளமும் அன்றைக்குத் திருவிதாங்கூர்தான்.

யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தை. விற்பனை அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்தது. கஜானாவுக்கு நல்ல வரவு.

அதே நெய்யூரில் இன்னொரு சர்ஜன். ஹோவர்ட் சாமர்வெல். 1922 எவரெஸ்ட் பயணம் முடித்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர். நெய்யூரில் ஆஸ்பத்திரிக் கூட்டத்தைப் பார்த்தார். லண்டன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்.

1924 ஜூன். மறுபடி எவரெஸ்ட். சுமார் 28,000 அடியில் நின்றுவிட்டார். இறங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்றது. இரண்டு கையாலும் தன் நெஞ்சைத் தானே அழுத்தி இருமினார். வெளியே வந்து விழுந்தது குளிரில் செத்துப்போன குரல்வளையின் உள்தோல்.

  

சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சு. தொப்புளில் கெட்டியான கட்டி. வயிற்றுக்குள் புற்று பரவிவிட்டது என்று அர்த்தம். இரைப்பையிலிருந்தா, சினைப்பையிலிருந்தா என்று நான்கு விடை கொடுப்பார்கள்.

அவர் ராச்செஸ்டரில் வில்லியம் மேயோவின் உதவியாளர். கன்னியாஸ்திரி. அறுவைக்கு முன் நோயாளியின் வயிற்றைத் துடைத்துத் தயார் செய்வது அவர் வேலை. தொப்புளில் கட்டி உள்ளவர்களுக்கு உள்ளே நிலைமை மோசம் என்று கவனித்து மேயோவிடம் சொன்னார். 1939இல் இறந்தார். அவர் பெயரைச் சேர்த்து எழுதியது ஹாமில்டன் பெய்லி, 1949இல்.

தினமும் துடைத்தவருக்குத்தான் தெரிந்தது.

ஹால்ஸ்டெட். மார்பை அடியோடு எடுக்கும் அறுவை அவர் பெயரில் இருக்கிறது. ரப்பர் கையுறையும் அவரால் வந்ததுதான். கிருமிநாசினியில் கை வெந்துபோன ஒரு நர்ஸுக்காகச் செய்யச் சொன்னார். கரோலின் ஹாம்ப்டன். பிறகு அவரையே மணந்தார்.

எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர்களின் கையையும் பார்க்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டுப் பார்க்கிறேன்.

திருவனந்தபுரம் மாவட்டம், 1996 முதல் 2004 வரை. மண்டலப் புற்றுநோய் மையமும் சங்கரநாராயணன் குழுவும். வீடு வீடாகப் போனார்கள். போனவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட பட்டதாரிகள். கையில் டார்ச். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது. லான்செட், 2005.

கருவி: டார்ச்.

மறையூர், சின்னாறு வழியாக இறங்கினால் உடுமலை. அப்புறம் பழனி, ஒட்டன்சத்திரம். பக்கத்தில் அம்பிளிக்கை. திண்டுக்கல் மாவட்ட ஆய்வு அங்குள்ள கிறிஸ்தவ ஆஸ்பத்திரியை நடுவாக வைத்து நடந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெறுங்கண்ணால் பார்ப்பது. வெள்ளையாக மாறினால் சந்தேகம். பார்த்தவர்கள் நர்ஸுகள். முடிந்தால் அன்றைக்கே உறைய வைத்துச் சிகிச்சை. புதிதாக நோய் வருவது 25 சதவீதம் குறைந்தது. சாவு 35 சதவீதம். லான்செட், 2007.

இந்த இரண்டு ஆய்வும் தேர்வில் வந்தால் நான்கு மதிப்பெண், நான்கு மதிப்பெண். இரண்டுமே நடந்தது மூணாறிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய ஊர்களில்.

கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு வெட்கம் பெரிய தடை என்று எழுதியிருக்கிறது. கேட்டுப் பார்த்தேன். ஒரு அக்கா சொன்ன காரணம் வேறு. "யாரும் கூப்பிடல தம்பி. கூப்பிட்டா வந்திருப்போம்ல."

டீ. அதைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. 2016இல் அதே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை: 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றை உண்டாக்கக்கூடும். டீயில் குற்றமில்லை. சூட்டில்தான்.

மூணாறு உயரத்தில் தண்ணீர் கொதிப்பது சுமார் 95 டிகிரியில். குளிருக்கு வாங்கிய உடனே குடிக்கிறோம்.

1923. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தரம்பாள் மலக்குடல் புற்றில் இறந்தார். அக்கா டாக்டர். அப்போது சென்னையில் அதற்கென்று ஓர் ஆஸ்பத்திரி இல்லை. அடையாற்றில் 12 படுக்கையோடு குடிசை ஆஸ்பத்திரி தொடங்கியது 1954இல். இடையில் 31 வருஷம் விடாமல் கேட்டிருக்கிறார்.

அடுத்த வருஷம் வந்து சேர்ந்தவர் டாக்டர் சாந்தா. 2021 ஜனவரியில் இறக்கும் வரை அங்கேதான். 1984இல் புற்றுநோய் அறுவைக்கு என்று தனி மேற்படிப்பு இந்தியாவில் முதலில் தொடங்கியதும் அடையாற்றில்தான். நான் எழுதப்போகிற தேர்வுக்கு அடுத்த தேர்வு அதற்கானது.

ரத்தமாகப் போகிறது என்று வருகிறவர்களை மூலம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது. விரல் விட்டுப் பார்க்க வேண்டும். மலக்குடல் புற்றில் ஒரு பெரும்பங்கு விரலுக்கே எட்டும். இதை எழுதி அடிக்கோடு போட்டேன்.

சாதிச் சான்றிதழ். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஆணையின் தேதி 10-8-1950. அதற்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்டச் சொல்கிறார்கள். தாத்தா பிறந்தது லயத்தில், எஸ்டேட்டின் வரிசை வீட்டில். பாட்டி செத்தது லயத்தில். பட்டா என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. இங்கே மெடிக்கல் சீட்டுக் கனவு கண்ட பிள்ளைகள் சிலர் இந்தத் தேதியில் நின்றுபோனார்கள். இது அநியாயம்.

தமிழ் தெரிந்த டாக்டர் இந்த மலைக்கு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

மார்ஃபின். புற்றின் வலிக்கு, வாய்வழி. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே. கூடவே மலமிளக்கி கட்டாயம். மலமிளக்கியை மறந்த விடை தவறான விடை.

1985இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிகளில் மார்ஃபின் வைப்பதே பெரும்பாடானது. 2014இல் திருத்தம் வந்தது. திருத்தத்துக்காக வருஷக்கணக்கில் நடந்தவர்களில் டாக்டர் ராஜகோபால் ஒருவர். 1993இல் கோழிக்கோட்டில் வலி நிவாரணச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். கேரளத்தில் பஞ்சாயத்து நர்ஸ் படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கே வருகிறார். இந்த ஒரு விஷயத்தில் இந்த மாநிலத்தை நினைத்து மனம் நிறைகிறது.

லயத்து வீட்டில் நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினார். பத்து ரூபாய்க்குக் கீழே விலை. அதற்குப் பிறகுதான் பேத்தி கட்டில் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

இது எந்தக் கேள்வித்தாளிலும் வந்து நான் பார்க்கவில்லை. வர வேண்டும்.

வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு. எது அதிக ஆபத்து? சிவப்பு. எரித்ரோபிளேக்கியா. எல்லோரும் வெள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். வெத்தலைச் சாயத்தில் சிவப்பு தெரியாது. கொப்பளிக்கச் சொல்லிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இடப்பக்கம் அடக்கிய அந்தப் பாட்டிக்குத் திசுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஸ்குவாமஸ் செல். ஆழம் இன்னும் தெரியாது, அறுத்த பிறகுதான் சொல்வார்கள். மகள் லீவு கேட்டிருக்கிறாள். வண்டிக்கு லயத்தில் வசூல் போட்டிருக்கிறார்கள். சுருக்குப்பையை மகளிடம் கொடுத்துவிட்டார். புகையிலைப் பொட்டலம் மட்டும் அதில் இல்லை.

படிக்கிற நண்பர்களுக்கு: காய்ச்சலுக்கு வந்தாலும் மூட்டுவலிக்கு வந்தாலும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னத்தை விலக்கிப் பள்ளத்தையும் பாருங்கள். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பாருங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு: மூன்று வாரமாக ஆறாத புண், வெளுத்த திட்டு, சிவந்த திட்டு, வாய் திறப்பது குறைவது. வலிக்கவில்லை என்று விடாதீர்கள். இந்த வாரமே போய்க் காட்டுங்கள். எந்தப் பக்கம் அடக்குவீர்கள் என்று டாக்டர் கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள்.